திரவக் குளிர்விப்பு எல்லோருக்கும் தேவையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசைக் கணினியின் செயலிகளுக்கு (CPU) திரவக் குளிர்விப்பே சிறந்தது என்ற பொருளில் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையை ஒட்டி இதை எழுதுகிறேன்.

திரவ அமைப்பிலும் வெப்பம் இறுதியில் காற்றிடமே போய்ச் சேர்கிறது. பம்பு திரவத்தின் வழியே ரேடியேட்டருக்கு (வெப்பத்தைக் காற்றில் விடும் உலோகத் தகட்டு அமைப்புக்கு) எடுத்துச் செல்லும் சூட்டை அங்கும் விசிறிகளே வெளியேற்றுகின்றன. 65 வாட் செயலிக்கு, வெப்பக் குழாய்களும் 120 மில்லிமீட்டர் விசிறியும் கொண்ட காற்றுக் குளிர்விப்பான் தாராளமாகப் போதும். இன்டெல் கோர் ஐ9-14900கே போல 253 வாட் வரை உறிஞ்சும் செயலியில் காணொளித் தொகுப்பு முதலிய கனமான பணிகளை நெடுநேரம் ஓட்டுவோருக்கு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் பொருத்தமானது என்பதை நான் மறுக்கவில்லை.

கட்டுரை தொடாமல் விட்டது ஆயுளைத்தான். காற்றுக் குளிர்விப்பானில் பழுதாகக்கூடியது பெரும்பாலும் விசிறி மட்டுமே. அதை எளிதில் மாற்றிவிடலாம். மூடிய திரவ அமைப்பிலோ பம்பு நின்றுபோகலாம், குழாய்ச் சுவர் வழியாகத் திரவம் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறையலாம். பலவற்றில் மீண்டும் நிரப்ப வழியில்லாததால் முழுவதையுமே மாற்ற நேரிடும். பம்பு, திரவம் சுழன்றோடும் சுற்றின் உச்சியில் அமைந்துவிட்டால் காற்று அங்கே தேங்கி இரைச்சலும் தேய்மானமும் கூடும் என்பதையும் பொருத்துவோர் பலர் கவனிப்பதில்லை.

பெரிய காற்றுக் குளிர்விப்பான்கள் 160 மில்லிமீட்டர் உயரத்தைத் தொடுவதால் எல்லாக் கணினிப் பெட்டிகளிலும் அடங்குவதில்லை என்பது உண்மை. இனி வெளியிடும் ஒப்பீடுகளில் செயலியின் வெப்பநிலையோடு அறை வெப்பநிலையையும் இரைச்சல் அளவையும் சேர்த்துத் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்