பெண்கள் வாலிபால் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள், பெற்றோர்கள், வீராங்கனைகள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். நான் குதிப்புப் பயிற்சியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு நம் பிள்ளை ஒருத்தி ஸ்மாஷ் அடித்துவிட்டு இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்கி, எலும்புகளைப் பிணைக்கும் நாரான லிகமெண்ட் கிழிந்தது. யாரும் அவள்மேல் மோதவில்லை. கெட்ட நேரம் என்றார்கள். என்னால் அப்படி விட முடியவில்லை. குதித்துத் திரும்பும் ஆட்டங்களில் இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஹெவிட் என்ற ஆய்வாளரின் குழுவினர் பள்ளி வாலிபால் மாணவிகளுக்கு 6 வாரம் குதிக்கவும் இறங்கவும் கற்றுக்கொடுத்தார்கள். இறங்கும்போது விழும் அடி 22 சதவீதம் குறைந்தது, குதிக்கும் உயரமும் கூடியது என்று 1996-ல் எழுதினார்கள். 1999-ல் அவர்களே வெளியிட்ட பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற மாணவிகளோடு ஒப்பிட்டால் பயிற்சி இல்லாத மாணவிகளுக்கு முழங்கால் காயம் 3.6 மடங்கு இருந்தது.

நாமும் வாரம் 3 நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கினோம். முதலில், ஏறிக் குதிக்க வைக்கும் பெட்டியில் ஏறவே விடவில்லை. நின்ற இடத்தில் குதித்து, சத்தமில்லாமல் இறங்க வேண்டும். முட்டி பாதத்துக்கு நேராக மடங்க வேண்டும். பிள்ளைகள் சலித்துக்கொண்டார்கள். அப்புறம்தான் ஒற்றைக்கால் தாவல், பெட்டியிலிருந்து இறங்கியதும் எழும்புவது எல்லாம். கால் தரையில் பட்டு இழுபட்ட தசை உடனே சுருங்கினால்தான் அந்த எழுச்சி வரும். களைத்த காலுக்கு அது வராது. அதனால் இறங்கும் சத்தம் கூடினாலே நிறுத்திவிட்டோம்.

"வயசுக்கு வந்த பொண்ணு இப்படிக் குதிக்கலாமா?" என்று சில அம்மாக்கள் கேட்டார்கள். கேட்டது நல்லதுதான். அந்த வயதில் உயரமும் எடையும் சட்டென்று கூடுகின்றன, காலை அடக்கி இறக்கும் பலம் அதே வேகத்தில் வருவதில்லை. அப்போதுதான் இந்தப் பயிற்சி மிகவும் தேவை. மைதானத்துக்கே வரச்சொல்லிக் காட்டினோம். இப்போது இரண்டு அம்மாக்கள் ஓரத்தில் நின்று மகளின் முட்டியைக் கவனித்துச் சொல்கிறார்கள்.

காயம்பட்ட பிள்ளை இன்னும் ஆட்டத்துக்குத் திரும்பவில்லை. மாலையில் வந்து சின்னப் பிள்ளைகளுக்கு எண்ணிக்கை சொல்கிறாள்.

மழை மாதங்களில் மைதானம் சேறாகிப் பயிற்சி நின்றுபோனது. விட்டுவிட்டுச் செய்தால் பிடித்த பலமும் போய்விடும். கூரையுள்ள ஒரு கூடமும் இரண்டு ரப்பர் விரிப்புகளும் ஏற்பாடு செய்யப் பொதுக்குழு இன்றே தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்