தண்ணீர் வருமுன் சேதி சொன்னவர்களுக்கு

அன்புள்ள உறவுகளுக்கு,

மாரி கழிந்து, வயலில் வெட்டு மிசின் இறங்கி, நெல்லும் சாக்குக்குள் போய்விட்டது. இப்போதுதான் ஓரிடத்தில் இருந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது. வெள்ளம் வடிந்த அன்றைக்கே, ஆற்றுத் தண்ணீர் ஏறுவதை முன்கூட்டிச் சொல்கிற எங்கள் வட்ஸ்அப் குழுவில் எல்லாரும் கைகூப்பும் படங்களைப் போட்டு நன்றி சொல்லி முடித்துவிட்டோம். ஆனால் இந்தக் குழுவில் இருக்கிற பாதிப்பேருக்கு மற்றப் பாதிப்பேரைத் தெரியாது. மாங்குளத்தில் பாலத்தடியில் நனைந்துகொண்டு நின்றது யாரென்று கண்டாவளைக்காரருக்குத் தெரியாது. அவர் அனுப்பிய ஒரு வரியைப் பார்த்து இங்கே யார் மாட்டை அவிழ்த்து மேட்டுக்குக் கலைத்தார்கள் என்று அவருக்கும் தெரியாது. அதனால்தான் எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன். பெயர்கள் போடவில்லை. போட்டால் அடுத்த மாரியில் மழைக்கு முன்னமே போன் அடிக்கத் தொடங்கிவிடும் என்று நீங்களே மறித்துவிட்டீர்கள்.

வெளியில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வவுனியா வடக்கிலும் மாங்குளம் பக்கமும் விழுகிற மழை கனகராயன் ஆற்றால் வடக்கே வந்து கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் சேர்கிறது. குளம் 36 அடியை நெருங்கி, வரத்தும் குறையாவிட்டால், மிஞ்சிய தண்ணீரை வெளியே விடுகிற வான்கதவுகளைத் திறப்பார்கள். மொத்தம் 14 கதவு. திறந்த தண்ணீர் பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஐயன்கோவிலடி, ஊரியான், கண்டாவளை என்று எங்கள் தாழ்நிலங்களைத் தடவித்தான் கடலேரிக்குப் போக வேண்டும். எங்கள் தலைக்கு மேல் மழை இல்லாத நேரத்திலும் முற்றத்துக்குத் தண்ணீர் வரும். 2018 மார்கழியில் சனம் நித்திரையில் இருக்க வெள்ளம் ஏறியதை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. ஆகவே எங்களுக்குத் தேவையான தகவல் எங்கள் ஊரில் இல்லை. ஆற்றின் மேற்பக்கத்தில், எங்களோடு சொந்தமோ கொடுக்கல்வாங்கலோ இல்லாத ஆட்களின் கண்ணுக்கு முன்னால்தான் அது இருக்கிறது.

முதல் நன்றி அவர்களுக்கு. கனகராயன்குளத்து ஆசிரியருக்கு, மாங்குளத்தில் கடை வைத்திருப்பவருக்கு, இரவு ஓட்டம் ஓடுகிற ஆட்டோத் தம்பிக்கு. உங்கள் வயல் எதுவும் எங்கள் பக்கம் இல்லை. வெள்ளம் வந்தால் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. இருந்தும் போன மாரியில் வந்த இந்தச் செய்தியை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்:

"இரவு 11.40. மாங்குளம் பாலம். கண்டது. மூன்றாம் தூணில் வெள்ளைக் கோட்டுக்கு மேல் ஒரு சாண். மழை விடவில்லை."

இதில் 'ஐயோ' இல்லை, கடவுளே இல்லை, அழுகிற முகம் இல்லை. வாசித்த கையோடு பன்னங்கண்டிக்காரர் உழவு இயந்திரத்தில் இழுவைப் பெட்டியைக் கொழுவினார்கள்.

இப்படி எழுதப் பழக்கியவர் குளத்தில் வேலை செய்து இளைப்பாறிய எங்கள் ஐயா. குழு தொடங்கின புதிதில் ஆளாளுக்கு "தண்ணி கூடுதாம்", "கதவு திறக்கினமாம்" என்று போட்டுக்கொண்டிருந்தோம். ஐயாவுக்குத் தட்டச்சு வராது, வொய்ஸ்தான் போடுவார். "நேரம் போடாத கணக்கை நான் வாசிக்க மாட்டன் தம்பியவை" என்று தொடங்கி, நேரம், இடம், கண்டதா கேட்டதா, இந்த மூன்றும் இல்லாமல் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்றார். அளவுகோலடியில் நின்று மணிக்கு மணி பதிவேட்டில் எழுதின மனிதர், போனையும் பதிவேடாகத்தான் பார்த்தார். கொஞ்சப் பேருக்கு அது பிடிக்கவில்லை. "இவர் என்ன, பெரிய இஞ்சினியரோ?" என்று கேட்டு இரண்டு பேர் குழுவை விட்டும் போனார்கள். வெள்ளத்தன்று இரவு அவர்கள் திரும்பி வந்து இணைந்ததை நான் கவனித்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஐயாவின் அந்த ஒழுங்கு எங்களைக் காப்பாற்றியது அன்று சாமம் இரண்டு மணிக்கு. எங்கிருந்தோ ஒரு வொய்ஸ் வந்து விழுந்தது. ஆம்பிளைக் குரல், மூச்சு வாங்குகிறது: "இரணைமடு உடைச்சிட்டுது, எல்லாரும் ஓடுங்கோ!" செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி. ஐந்து கையோ அதற்கு மேலோ மாறி வந்த செய்திக்கு வட்ஸ்அப் போடுகிற அடையாளம் அது. 2020 தொடக்கம் அப்படிப்பட்டதை ஒருமுறைக்கு ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று கட்டுப்படுத்தியிருக்கிறார்கள், என்றாலும் எங்கள் பக்கத்துக் குழுக்கள் எல்லாவற்றிலும் அது ஓடித் திரிந்தது. இருட்டு, மின்சாரம் இல்லை, வாசலில் தண்ணீர். ஓடு என்றால் எந்தப் பக்கம் ஓடுவது? ஓடினால் ஆறு பாயும் தாழ்வுக்குள்தான் விழுவார்கள்.

குழுவில் ஒரே ஒரு கேள்வி வந்தது: "கண்டது ஆர்?" பதில் இல்லை. பிறகு குளக்கட்டுப் பக்கம் குடியிருக்கிற தம்பி ஒருவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டுப் போய், டோர்ச்சை அடித்து ஒரு சின்ன வீடியோ எடுத்துப் போட்டார். படத்தில் இருட்டுத்தான் கூட. ஆனால் அவருடைய குரல் தெளிவாக இருந்தது: "இரண்டு இருபத்தைஞ்சு. கட்டில நிக்கிறன். கட்டு நல்லா இருக்கு. கதவுகள் திறந்திருக்கு, அதுதான் இந்தச் சத்தம்." தம்பி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அந்த நேரத்தில் அங்கே போனதற்காக உங்கள் அம்மா உங்களைப் பேசினதும் வீடியோவின் கடைசியில் கேட்கிறது. அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்கிறோம்.

அடுத்தது எழுத்து வேலை. அறிவித்தல்கள் எங்களுக்குப் படமாகத்தான் வரும். ஒரு தாளை மேசையில் வைத்துச் சரித்து எடுத்த படம், அல்லது யூனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு. பாமினியில் இருப்பதை அப்படியே பிரதி எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் முற்றுப்புள்ளிகளுமாக வந்து நிற்கும். நாங்கள் படத்தைப் பெருப்பித்து வாசித்துச் சமாளித்துக்கொண்டிருந்தோம். அது போதாது என்று சண்டை பிடித்தவர் போரில் இரண்டு கண்ணையும் இழந்த எங்கள் தம்பி. அவருடைய போன் தமிழ் எழுத்தை வாசித்துக் காட்டும், படத்தை வாசிக்காது. "எல்லாருக்கும் அறிவித்தல் எண்டு போட்டிருக்கிறீங்கள். எனக்கு 'படம்' எண்டு மட்டும்தான் சொல்லுது" என்று எழுதினார். முன்பள்ளி ஆசிரியை அக்கா அன்றிலிருந்து வருகிற ஒவ்வொரு தாளையும் யூனிகோட்டில் திருப்பி அடித்துப் போடுகிறார். அடித்த பிறகு அதையே வாசித்து வொய்ஸாகவும் போடுகிறார், கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாத கிழவிகளுக்காக. அக்காவின் வொய்சில் பின்னால் மழைச் சத்தமும் சில நேரம் அவருடைய சின்ன மகள் "அம்மா பசிக்குது" என்பதும் கேட்கும். சமையலை விட்டுவிட்டுத்தான் இதைச் செய்திருக்கிறார். தம்பி சண்டை பிடித்திராவிட்டால் இதுவும் நடந்திராது. சண்டைக்கும் நன்றி.

போன் இல்லாதவர்களுக்குச் சேதி கொண்டுபோன பெடியங்களை மறக்கக் கூடாது. சைக்கிளில் வீடு வீடாகப் போனீர்கள், கோயில் ஒலிபெருக்கியில் நேரம் சொல்லிச் சொல்லி வாசித்தீர்கள். கோபுரங்களின் மின்கலம் இறங்கி சிக்னல் போன மணித்தியாலங்களில் நீங்கள்தான் எங்கள் வலையமைப்பு. உழவு இயந்திரத்து பற்றரியில் இன்வேட்டரைக் கொழுவி வரிசையாகப் போன்களுக்குச் சார்ஜ் ஏற்றித் தந்த அண்ணனும் சேர்த்தி. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஊரல்லவா இது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பழகின கைக்கு இன்வேட்டர் ஒரு பெரிய வித்தை இல்லை என்று அண்ணன் சிரித்தார்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சொந்தங்களைப் பற்றி உள்ளதைச் சொன்னால் கோபிக்கக் கூடாது. வெள்ளம் என்றவுடன் நீங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அழைப்பீர்கள். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு கோடு சார்ஜ் உள்ள போனில் ஒருவருக்கு "நாங்கள் சுகம்" என்று சொல்லி முடிக்க அடுத்த அழைப்பு வரும். ஒரே கேள்வி, ஒரே பதில், சார்ஜ் முடியும். இதைப் புரிந்துகொண்டவர் ரொறன்ரோவில் இருக்கிற மருமகள். எங்களுக்குச் சாமம் இரண்டு மணி என்றால் அங்கே முதல்நாள் பின்னேரம் மூன்றரை. வேலையில் நின்றுகொண்டே வெளிநாட்டுக்காரருக்கென்று வேறொரு குழு தொடங்கி, விசாரிப்புகள் எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எந்த வீடு, யார் தேடுகிறார்கள் என்று ஒரு பட்டியல். இங்கிருந்து "பாடசாலையில் இருக்கினம், சுகம்" என்று ஒரு வரி போனால் அதை அங்கே பிரித்துக் கொடுப்பார். தெரியாத வீட்டுக்கு "இன்னும் தெரியாது" என்று எழுதினார். சும்மா ஆறுதலுக்காக "சுகமாக இருப்பினம்" என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. பிள்ளை, நீ இங்கே வந்து மண்மூட்டை தூக்கியிருந்தாலும் இவ்வளவு உதவியாக இருந்திராது.

இரண்டு விசயத்தில் கட்டுப்பாடு காத்ததற்கும் நன்றி. குழுவுக்குள் காசு சேர்க்கவில்லை. தந்தவர்கள் நேரே கொண்டுவந்து தந்தார்கள். மற்றது, உலர் உணவுப் பொதி வாங்குகிற பெண்களையும் பிள்ளைகளையும் படம் எடுத்துப் போடவில்லை. வேறு சில இடங்களில் பொதியைவிடக் கமெராதான் முன்னுக்கு நின்றது. நனைந்த சட்டையோடு வரிசையில் நிற்கிற ஒரு தாயின் முகம் முகநூலில் ஆயிரம் பேருக்குப் போக வேண்டிய தேவை என்ன? எங்கள் குழுவில் ஒருவர் அப்படி ஒரு படத்தைப் போட்ட உடனே வேறொருவர் தனிச்செய்தியில் சொல்ல, அவர் அழித்துவிட்டார். எல்லாருக்கும் முன்னால் பேசாமல் தனியே சொன்ன அந்தப் பண்பை நான் பெரிதாக நினைக்கிறேன்.

அரச அலுவலர்களுக்கும் ஒரு சொல். கிராம அலுவலரும் நீர்ப்பாசனப் பகுதியினரும் குழுவில் உறுப்பினராக இல்லை, சேரும்படி நாங்களும் உங்களைக் கேட்கவில்லை. ஆனால் எடுத்தபோதெல்லாம் போனைத் தூக்கினீர்கள். கதவு திறக்கிற முடிவு உங்களுடையது, அதைப் பற்றி நாங்கள் ஊகம் எழுதுவதில்லை என்ற எல்லையை நீங்களும் மதித்தீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்தவர்களுக்கும் பதில் கிடைத்தது.

இனி அலுவல். பாலத்துத் தூணில் கோடு தொட்ட நேரத்தையும் எங்கள் மதகில் தண்ணீர் ஏறிய நேரத்தையும் பழைய செய்திகளில் இருந்து பொறுக்கிக் கொப்பி ஒன்றில் எழுதிக்கொண்டிருக்கிறோம். கமக்காரர் அமைப்பின் அலுமாரியில் இருக்கும், யாரும் பார்க்கலாம். கல்மடுக்குளம் வான் பாய்ந்து நெத்தலியாறும் சேர்ந்தால் கணக்கு மாறும் என்று ஐயா சொல்கிறார், ஆகவே தருமபுரம் பக்கம் ஆற்றைப் பார்க்கக்கூடிய ஒருவர் வேண்டும். தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். போன் நம்பர் மாற்றியவர்கள் ஐப்பசிக்கு முன் அறிவிக்கவும், தாளில் எழுதி வைத்திருக்கிற பட்டியலையும் திருத்த வேண்டும்.

மற்றது, பாடசாலையில் யாரோ தந்த நீல நிறப் பவர் பாங்க் ஒன்று என் வீட்டில் கிடக்கிறது. வயர் இல்லை. உடையவர் வந்தால் ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டு எடுத்துப் போகலாம்.

நன்றியுடன்,
கண்டாவளைப் பக்கத்துக் கமக்காரன் ஒருவன்