பிரமிடுகளைப் பற்றித் தமிழில் காணொளி செய்யும் நண்பர்களுக்கு

வணக்கம்.

நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். உங்கள் காணொளிகளை என் மாணவர்கள் பாடப்புத்தகத்தைவிட ஆர்வமாகப் பார்க்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. எகிப்தைப் பற்றி ஒரு பிள்ளை தானாகத் தேடிப் படிக்கிறதென்றால் அதில் உங்கள் குரலுக்கும் உழைப்புக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் 2025 மார்ச்சுக்குப் பிறகு வகுப்பில் எழும் கேள்விகள் மாறிவிட்டன. "சார், பிரமிடுக்கு அடியில ஒரு நகரமே இருக்காமே?", "அது கல்லறை இல்லையாம், கரண்ட் எடுக்கிற இடமாம், நிஜமா?" என்கிறார்கள். ஏற்கெனவே முடிவான ஒரு செய்திக்கு நான் தலையாட்ட வேண்டும் என்று எதிர்பார்த்துக் கேட்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த மார்ச் மாதம் நடந்தது இது. கிசாவில் காஃப்ரா மன்னனின் பிரமிடுக்கு அடியில் எட்டுப் பெரிய உருளைகள் அறுநூறு மீட்டருக்கும் மேலான ஆழத்துக்கு இறங்குகின்றன, அவற்றைச் சுற்றிச் சுருள் பாதைகள் இருக்கின்றன என்று இத்தாலியைச் சேர்ந்த ஒரு குழு செய்தியாளர்களைக் கூட்டி அறிவித்தது. செயற்கைக்கோள் ரேடார் தரவிலிருந்து கணக்கிட்டோம் என்றார்கள். சக ஆய்வாளர்கள் சரிபார்த்து வெளியான கட்டுரை எதுவும் அப்போது அதற்குத் துணையாக இல்லை. ரேடார் அலை பாறைக்குள் அவ்வளவு ஆழம் போகாது என்று அத்துறையில் நீண்டகாலம் வேலை செய்தவர்கள் உடனே சொன்னார்கள். நிலத்தின் நுண்ணிய அதிர்வுகளை வைத்து ஆழத்தைக் கணிக்கிறோம் என்பது குழுவின் விளக்கம். அப்படியென்றால், ஏற்கெனவே தெரிந்த ஒரு சுரங்கத்தையோ குகையையோ அதே ஆழத்தில் அந்த முறை காட்டித் தந்திருக்க வேண்டும். அந்தச் சோதனையைப் பற்றி உங்கள் காணொளிகளில் யாரும் கேட்கவில்லை. "சொல்கிறார்கள்" என்பது "கண்டுபிடித்துவிட்டார்கள்" ஆகிவிட்டது. பலர் பகிர்ந்த அந்த வண்ணப் படங்கள் கணினியில் வரைந்தவை. எந்தக் கருவியும் அவற்றை எடுக்கவில்லை.

பிரமிடுக்குள் உண்மையாகவே புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்த கதையும் இருக்கிறது. ஸ்கேன்பிரமிட்ஸ் திட்டம் 2015இல் தொடங்கியது. வானிலிருந்து ஓயாமல் பொழியும் மியூயான் துகள்கள் கல்லைக் கடக்கும்போது குறைகின்றன. வெற்றிடம் இருக்கும் திசையில் அவ்வளவு குறைவதில்லை. இதை வைத்து, கிசாவிலேயே உள்ள கூஃபு மன்னனின் பெரிய பிரமிடில் பெருங்கூடத்துக்கு மேலே குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள ஒரு வெற்றிடம் இருப்பதாக 2017இல் அறிவித்தார்கள். மூன்று குழுக்கள், மூன்று வேறு வகைக் கருவிகளோடு பார்த்து, மூன்றும் ஒரே இடத்தைக் காட்டிய பிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது. வடக்கு முகத்து வாயிலுக்குப் பின்னால் 9 மீட்டர் நீள நடைபாதை ஒன்று இருப்பதையும் அதே முறை சொன்னது. கல் இடுக்கு வழியே மெல்லிய கேமராவை உள்ளே விட்டு அதை நேரில் பார்த்துவிட்டு 2023 மார்ச்சில் உலகுக்குக் காட்டினார்கள். அந்தப் பெரிய வெற்றிடம் எதற்கு என்று இன்றுவரை யாரும் நிறுவவில்லை. ஒரு முழுக் காணொளிக்கு இது போதாதா?

அடுத்து மின்நிலையக் கதை. 1990களின் கடைசியில் மேற்கில் பரவிய இந்தக் கருத்து இப்போது தமிழில் நன்றாக ஓடுகிறது. பெரிய பிரமிடுக்குள் உள்ள மன்னன் அறையின் கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது, அழுத்தினால் குவார்ட்ஸ் மின்சாரம் தரும், ஆகவே பிரமிடே ஒரு மின் இயந்திரம் என்பது வாதம். குவார்ட்ஸ் பற்றிய பகுதி சரிதான். ஆனால் கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் மணிகள் ஆளுக்கொரு திசை பார்த்துக் கிடக்கின்றன. ஒன்றில் பிறக்கும் மின்னழுத்தத்தை இன்னொன்று அழித்துவிடும். அரசி அறைச் சுவரில் படிந்த உப்பை அமில வேதிவினைக்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். நம் பழைய வீட்டுச் சுவரில் ஈரம் ஏறினால் உப்புப் பூக்கிறதே, சுண்ணாம்புக்கல்லிலும் அதேதான் நடக்கிறது. பிரமிடை ஒட்டித் தெற்கே 1954இல் திறந்த குழியில் 43 மீட்டர் நீள தேவதாரு மரப் படகு ஒன்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அடுக்கிவைத்தபடி கிடைத்தது. சுற்றிலும் மன்னனின் தாய், மனைவியர், பிள்ளைகள், அதிகாரிகள் ஆகியோரின் கல்லறைகள் தெருத்தெருவாக நிற்கின்றன. மின்நிலையம் என்று சொல்பவர்கள் இவற்றுக்கெல்லாம் என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்டு நான் பார்த்ததில்லை.

இனி நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்த மனிதருக்கு வருகிறேன். அவர் பெயர் மெரெர்.

செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் கூஃபு காலத்துத் துறைமுகம் ஒன்று இருக்கிறது. 2013இல் பிரெஞ்சு ஆய்வாளர் பியர் தாலேயின் குழு அங்கே பாறையில் குடைந்த கிடங்குகளின் வாயிலில், அடைப்புக் கற்களுக்கிடையே, பப்பைரஸ் என்ற நாணல் தாள் சுருள்களின் துண்டுகளைக் கண்டது. எழுத்துள்ள பப்பைரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றுள் இவையே மிகப் பழையவை. சுமார் நாற்பது பேர் கொண்ட படகுக் குழு ஒன்றின் மேற்பார்வையாளர் மெரெர்; அவருடைய அன்றாட வேலைக் குறிப்பு அவற்றில் இருக்கிறது. இன்று துராவின் சுரங்கத்தில் கல் ஏற்றினோம், இன்று படகு புறப்பட்டது, இரவு இன்ன இடத்தில் தங்கினோம், மறுநாள் கிசா சேர்ந்தோம் என்று நாள்வாரியாகப் போகிறது எழுத்து. பத்து நாளில் இரண்டு மூன்று நடை. துராவின் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்தான் பெரிய பிரமிடின் வெளிப்பூச்சுக் கல். நைலில் வெள்ளம் வரும் பருவத்தில் கால்வாய் வழியே பிரமிடின் காலடிவரை படகு போயிருக்கிறது. கிசா அருகே எடுத்த மண்ணிலுள்ள மகரந்தத்தை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வும் அந்தக் காலத்தில் நைலின் ஒரு கிளை அங்கே ஓடியதை உறுதிசெய்தது.

மெரெரின் குறிப்பில் அவருடைய மேலதிகாரியின் பெயரும் வருகிறது: அன்க்ஹாஃப், கூஃபுவின் மாற்றாந்தாய் வழிச் சகோதரர். அவருடைய கல்லறை கிசாவின் கிழக்கு இடுகாட்டில் இருக்கிறது. அவருடைய மார்பளவுச் சிலை பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்ணுக்குக் கீழே தோல் தளர்ந்த, வயதான, அசல் மனித முகம். 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கட்டுமானத்தின் சரக்குக் கணக்கும், கணக்கெழுதியவரின் பெயரும், பொறுப்பதிகாரியின் முகமும் ஒருசேரக் கிடைத்திருக்கின்றன. உலகில் இப்படி எத்தனை கட்டடங்களுக்கு வாய்த்திருக்கிறது? பத்து லட்சம் பேர் பார்க்கும் ஒரு காணொளியில் மெரெருக்கு ஒரு நிமிடம் கிடைப்பதில்லை என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

அவர் தனி ஆளும் இல்லை. கிசாவின் தெற்கே தொழிலாளர்கள் தங்கிய ஊரை அமெரிக்கத் தொல்லியலாளர் மார்க் லெஹ்னரின் குழு ஆண்டுக்கணக்காகத் தோண்டிவருகிறது. ரொட்டி சுட்ட அடுப்பறைகள் வந்தன. மாடு, ஆட்டு எலும்புகள் குவியல் குவியலாக வந்தன. 1990இல் ஒரு குதிரையின் கால் மண்சுவரில் தடுக்கியதிலிருந்து தொழிலாளர் கல்லறைகள் வெளிப்பட்டன. அங்குள்ள எலும்புக்கூடுகளில் பாரம் சுமந்து தேய்ந்த முதுகெலும்பும், முறிந்து கட்டுப்போட்டுச் சேர்ந்த கையும் தெரிகின்றன. அவர்களை அடிமைகளாகக் காட்டும் பழைய படமும் இதனால் உடைகிறது. மன்னனின் பிரமிடு நிழலில் அடிமைக்கு யாரும் கல்லறை எழுப்புவதில்லை.

"பெரிய பிரமிடுக்குள் ஒரு எழுத்துகூட இல்லை" என்பது நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் வரி. மன்னன் அறைக்கு மேலே ஐந்து குறு அறைகள் இருக்கின்றன. மேல் நான்கையும் 1837இல் வெடிமருந்து வைத்துத் திறந்தார்கள். உள்ளே கற்களில் சிவப்பு மையால் வேலைக்குழுக்களின் பெயர்கள் எழுதியிருந்தன. 'கூஃபுவின் நண்பர்கள்' என்று ஒரு குழு. திறந்தவரே எழுதிவிட்டார் என்று பிறகு ஒரு குற்றச்சாட்டு கிளம்பியது. அந்த எழுத்துகளில் சில, கல்லும் கல்லும் சேரும் இடுக்குக்குள், எந்தத் தூரிகையும் நுழைய முடியாத இடத்துக்குள் தொடர்கின்றன. கல் ஏறுவதற்கு முன்பே எழுதினால் ஒழிய அது முடியாது.

இந்தக் குற்றச்சாட்டு வெறும் பேச்சோடு நிற்கவில்லை. 2013இல் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் அந்த அறைக்குள் ஏறி, கூஃபுவின் பெயர் எழுதிய பகுதியிலிருந்தே நிறமியைச் சுரண்டி எடுத்துப் போனார்கள். பிரமிடு எகிப்தியர்களுக்கு முந்தையது என்று நிறுவுவது அவர்கள் நோக்கம். எகிப்திய நீதிமன்றம் 2014இல் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. அவர்களுக்கு உதவிய எகிப்தியர்களும் தண்டனை பெற்றார்கள். ஒரு தொழிலாளியின் கையெழுத்து நாலரை ஆயிரம் ஆண்டு தாங்கி நின்றுவிட்டு, ஒரு கருத்தை மெய்ப்பிக்க வந்தவர்களின் கையில் சேதமானது.

பெரிய பிரமிடை அளந்த பெட்ரியின் கதையையும் நீங்கள் சொல்ல வேண்டும். 1860களில் ஸ்காட்லாந்தின் அரச வானியலாளர் பியாஸி ஸ்மித், பெரிய பிரமிடு தெய்வ வெளிப்பாட்டின்படி கட்டிய அளவுகோல் என்று நம்பினார். ஆண்டின் நாட்கள் அதன் அடிப்பக்கத்தில் அடங்கியிருக்கின்றன என்றார். அந்தக் கணக்குக்கு அடிப்பக்கம் சுமார் 9,140 அங்குலம் இருக்க வேண்டும். ஸ்மித்தின் பெரும் ஆதரவாளர் ஒருவரின் மகன்தான் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி. அந்தக் கருத்தைச் சோதிக்க 1880இன் இறுதியில் கிசா போனார். பாறையில் குடைந்த ஒரு வெற்றுக் கல்லறையிலேயே தங்கி மாதக்கணக்கில் அளந்தார். கிடைத்தது 9,069 அங்குலம், சுமார் 230 மீட்டர். அவ்வளவுதான், அந்தக் கொள்கை அங்கேயே முடிந்தது. தன் வீட்டில் போற்றிய கருத்து தவறென்று தெரிந்ததும் அதை அப்படியே அச்சிட்டார். மாற்றுக் கருத்தோடு கிசாவுக்குப் போனவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் இவர்.

மாற்றிக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரமிடு எதற்கு என்ற கேள்விக்கு இன்னும் விடை வராத மூலைகள் உண்மையில் இருக்கின்றன. எலிஃபன்டைன் தீவிலிருந்து ஃபையூம் பக்கம் செய்லா வரை நைல் நெடுகச் சிறு படிப் பிரமிடுகள் ஏழு நிற்கின்றன. அவற்றுக்குள் அறையே இல்லை; அவை கல்லறைகள் அல்ல என்பதை எகிப்தியவியலாளர்களே ஏற்கிறார்கள். மன்னனின் வழிபாட்டு அடையாளமா, வரி வசூலித்த நிர்வாக மையத்தின் சின்னமா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. எட்ஃபூ அருகே உள்ளது இடிந்து இப்போது ஐந்து மீட்டர் உயரம்தான். ஆனால் கேள்வி பெரியது. சக்காராவில் செகெம்கெத் மன்னனின் முடியாத பிரமிடில், மூடி முத்திரையிட்ட கல் சவப்பெட்டியை 1954இல் திறந்தபோது உள்ளே ஒன்றுமில்லை. ஏன்? இன்னொரு பிரமிடுத் தலமான அபுசீரில் கிடைத்த கோயில் பப்பைரஸ்களைப் பாருங்கள்: எந்தப் பூசாரிக்கு இரவுக் காவல், எத்தனை ரொட்டி வந்தது, எந்தப் பாத்திரம் உடைந்தது என்று மன்னன் இறந்து பல தலைமுறை கழித்தும் கணக்கு ஓடுகிறது. கல்லறை என்ற ஒற்றைச் சொல் பிரமிடுக்குப் போதாது என்று நீங்கள் வாதாடினால் நான் உங்கள் பக்கம். அது வழிபாட்டிடம், நிலமும் மாடும் உடைய நிறுவனம், நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு.

'பிரமிடைத் தமிழன் கட்டினான்' என்ற காணொளிகளுக்கும் ஒரு வார்த்தை. எகிப்தில் தமிழர் தடம் உண்டு. செங்கடல் துறைமுகங்களான குசைர் அல்-காதிமிலும் பெரெனிகேயிலும் தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. மெரெரின் துறைமுகமும் இதே கடற்கரையில், வடக்கே இருக்கிறது. ஆனால் அந்த வணிகர்கள் அங்கே போனது கூஃபு இறந்து இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, ரோமானியர் காலத்தில். மிளகு ஏற்றிக் கடல் கடந்தவர்களின் பெருமைக்கு இன்னொரு மக்களின் உழைப்பைப் பறித்துச் சேர்க்க வேண்டியதில்லை.

நான் கேட்பது மூன்று. 2025இல் காஃப்ரா பிரமிடைப் பற்றிப் போட்ட காணொளிகளின் விளக்கப் பகுதியில், அந்த அறிவிப்பை வேறு எந்தக் குழுவும் சரிபார்த்து உறுதிசெய்யவில்லை என்று ஒரு வரி சேருங்கள். கணினியில் வரைந்த படம் திரையில் ஓடும்போது, அது வரைந்த படம் என்று அதன்மேலேயே எழுதுங்கள். மெரெரைப் பற்றி ஒரு முழுக் காணொளி செய்யுங்கள். அதைச் செய்து வெளியிட்டால் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே வகுப்பில் போட்டுக் காட்டுகிறேன். அவர்கள் எழுப்பும் கேள்விகளைத் தொகுத்து உங்களுக்கு அனுப்பியும் வைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர்