கிரைண்டர் மேல் விழுந்த பழி

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. என் தங்கச்சிக்கு மூட்டு வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாள் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. காவேரிப்பட்டணத்தில் மாங்காய் பறிப்பு ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தாய். தருமபுரியில் இந்த வருஷம் வெயில் தாங்கவில்லை. ராத்திரி பதினொன்றுக்கும் சுவர் சுடுகிறது.

கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எங்களுக்குப் போன முறை இரண்டு மாதத்துக்கு 530 யூனிட் வந்தது. 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை என்பது உனக்கும் தெரிந்திருக்கும். 500-க்குள் இருந்தால் கிடைக்கும் சலுகையும் சேர்ந்து போய்விடும். அந்த முப்பது யூனிட் எங்கே போகிறது என்று வீட்டில் ஒரே பேச்சு. எல்லாரும் கை காட்டியது அம்மாவின் கிரைண்டரை.

சின்னவன் ஓசூரிலிருந்து வரும்போது ஒரு வாட் மீட்டர் வாங்கி வந்தான். உள்ளங்கை அளவுதான். பின்பக்கம் பிளக், முன்பக்கம் சாக்கெட், மேலே சின்னத் திரை. சுவரில் இதைச் செருகி, இதில் சாமானின் பிளக்கைச் செருகினால் வோல்ட், ஆம்பியர், வாட், ஓடிய நேரம், தின்ற யூனிட் எல்லாம் வரும்.

முதலில் கிரைண்டர். அம்மா கேழ்வரகு தோசைக்கு உளுந்து போட்டார்கள். திரையில் 155 வாட். நாற்பது நிமிடம் ஓடி நின்றபோது 0.10 யூனிட். வாரத்துக்கு இரண்டு தடவை அரைத்தாலும் இரண்டு மாதத்துக்கு இரண்டு யூனிட் தேறாது. மச்சான், இதற்காகவா அம்மா மாவைப் பாதி அரைத்ததும் ஸ்விட்சை அணைத்துக்கொண்டிருந்தார்கள்? நான் முகம் சுளித்ததெல்லாம் நினைவுக்கு வந்து எனக்குப் பேச்சே எழவில்லை. சத்தம் போடுகிற சாமான்தான் கரண்ட் தின்னும் என்று நினைத்துவிட்டோம்.

சத்தமில்லாமல் தின்றது ஃப்ரிட்ஜ். பதினான்கு வருஷத்துப் பழசு. இதை ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது, ஏனென்றால் கம்ப்ரசர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். காலை ஏழு மணிக்கு மீட்டரைப் போட்டு மறுநாள் ஏழு மணிக்குத்தான் பார்த்தேன். 2.7 யூனிட். அறுபது நாளுக்கு 162!

கதவு இடுக்கில் ஒரு ரேஷன் ரசீதை வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். கீழ்மூலையில் பிடிப்பே இல்லாமல் கையோடு வந்தது. கதவு ரப்பர் அங்கே காய்ந்து வெடித்திருந்தது. ரப்பரை மாற்றினோம். பின்பக்கக் கம்பிகளில் படிந்திருந்த தூசியைத் துடைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். அதே வாரம், அதே வெயிலில் மறுபடி ஒரு நாள் அளந்தேன். 1.8. இரண்டு மாதத்தில் 54 யூனிட் மிச்சம்.

செட்டாப் பாக்ஸும் ஒன்று இருக்கிறது. ரிமோட்டில் அணைத்தாலும் 12 வாட் இழுத்துக்கொண்டே இருந்தது, ஓடும்போது எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவே. இப்போது டிவி பார்க்காத நேரம் சுவர் ஸ்விட்சிலேயே அணைத்துவிடுகிறோம். நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்குப் பதிமூன்று யூனிட்.

நீ அளக்கும்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வாட் என்று எழுதிவிடாதே. மோட்டார் உள்ள சாமானுக்குப் பவர் ஃபேக்டர் என்று ஒன்று குறுக்கே வரும், அதாவது இழுக்கும் கரண்டில் எவ்வளவு நிஜமாக வேலைக்குப் போகிறது என்ற கணக்கு. அதனால் பெருக்குத்தொகை கூடுதலாகக் காட்டும். வாட் இருக்கும் பக்கத்தையே பார். போன் சார்ஜர் மாதிரிச் சின்னச் சாமானை இதில் அளக்க மெனக்கெடாதே, அவ்வளவு நுணுக்கம் இந்த மலிவு மீட்டருக்குக் கிடையாது. ஹீட்டரை அளப்பதானால் மீட்டரின் முதுகில் 16 ஆம்ப் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

போர் மோட்டாருக்குத்தான் இது உதவாது, அது நேரே வயரில் கோத்தது. அதற்கு ஈ.பி. மீட்டரே போதும். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் போடு. மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று மீட்டர் முகத்திலேயே அச்சடித்திருக்கும். எங்களுடையதில் 3200. முன்னூற்று இருபது எண்ணினால் பத்தில் ஒரு பங்கு யூனிட். நான் எண்ண, உன் தங்கச்சி கடிகாரம் பார்த்தாள். ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அப்படியென்றால் மணிக்கு ஒரு யூனிட்டுக்கும் மேல். டேங்க் நிரம்பி வழிய விடுவதை அன்றோடு நிறுத்தினோம்.

உன் கடையில் இருக்கும் ஐஸ்கிரீம் ஃப்ரீசர் மேல்தான் எனக்குச் சந்தேகம். மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பதைப் போன தடவையே பார்த்தேன். சனிக்கிழமை காலை வண்டிக்கு மீட்டரோடு வருகிறேன். ஒரு முழு நாள் ஓட விட்டு ஞாயிற்றுக்கிழமை கணக்குப் பார்க்கலாம். அம்மா இட்லி மாவு கொடுத்தனுப்புவதாகச் சொன்னார்கள். இந்தத் தடவை முழுசாக அரைத்த மாவு.

அன்புடன்,
உன் மச்சான்