நெஜ ஊரு எது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் நிறவெறி எப்படி வேர்பிடிக்கிறது என்று போன வாரம் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் ஏதோ கடல் கடந்த நாட்டு நோயைப் பற்றிப் பேசுவது போல எழுதியிருந்தது உறுத்தியது. நான் ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார். சனி, ஞாயிறு காலைகளில் புதுச்சேரி குருசுக்குப்பத்தில் என் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுக்கிறேன். திண்ணை அழுக்காகாமல் இருக்க விரிப்பது தங்கள் நாளிதழைத்தான்.

முகம் வரைந்து முடித்ததும் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்பது: "தோல் கலர் குடுடா." அவர்களுக்குத் தோல் கலர் என்றால் கிரேயான் டப்பாவில் இருக்கும் வெளிர் ரோஸ் குச்சி. மாட்டுக்கும் மரத்துக்கும் பார்த்துப் பார்த்துக் கலர் தேடுகிற பிள்ளை, அம்மா முகத்துக்கு மட்டும் யோசிக்காமல் அதை எடுக்கிறது. எல்லா டப்பாவிலும் முதலில் தேய்ந்துபோவதும் அந்தக் குச்சிதான். அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் இந்த நிறத்துக்கு 'சதை' என்று வைத்திருந்த பெயரை 1962-லேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. என் திண்ணையில் இன்னும் மாறவில்லை.

என்னிடம் வருகிறவர்களில் பத்து வயதுப் பையன் ஒருவன். அப்பாவுக்கு ஊர் டார்ஜிலிங் பக்கம், இங்கே கடற்கரை ஓட்டல் ஒன்றில் சமையல். பையன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அசல் குப்பத்துத் தமிழ். பள்ளியில் அவனுக்குப் பெயர் 'மோமோ', அந்த மலைப்பக்கத்துக் கொழுக்கட்டையின் பெயர். தன் முகத்தை வரையச் சொன்னால் தலைமுடி, சட்டை, பொத்தான் எல்லாவற்றுக்கும் வண்ணம் தீட்டுகிறான், முகத்தை மட்டும் வெள்ளையாக விட்டுவிடுகிறான். ஏன்டா என்றேன். "ஊரு எதுன்னு கேட்டா வைத்திக்குப்பம்னு சொல்றேன் சார். அது இல்லடா, நெஜ ஊரு எதுன்னு கேக்கறாங்க" என்றான். நான் கேட்டதற்கு இது பதிலா என்று முதலில் குழம்பினேன். பதில்தான்.

அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் காட்டி நடத்திய சோதனையின் கணக்கெல்லாம் கட்டுரையில் இருந்தது: மூன்று முதல் ஏழு வயது வரை 253 கறுப்பினக் குழந்தைகள், மூன்றில் இரண்டு பங்குக்கு வெள்ளைப் பொம்மைதான் பிடித்தது, பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிப்பது செல்லாது என்ற 1954 தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த ஆய்வைச் சுட்டியது. விட்டுப்போனது கடைசியில் கேட்ட கேள்வி. எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்றெல்லாம் கேட்டுவிட்டு, "உன்னைப் போல இருக்கிற பொம்மையைக் கொடு" என்றார்கள். சில குழந்தைகள் அழுதுகொண்டு அறையை விட்டே ஓடின. வண்ணம் தீட்டாத அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

எனக்கு இது தெரியாத கதையும் இல்லை. என் தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனில் குமாஸ்தா. அங்கேயே வியட்நாம்காரியான பாட்டியைக் கட்டிக்கொண்டு 1930-களில் அவரோடு ஊர் திரும்பியவர். அந்த மாதிரிக் குடும்பங்கள் புதுச்சேரியில் நிறைய. 1962 ஆகஸ்ட் 16-இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் எழுதிக்கொடுக்க ஆறு மாதம் அவகாசம் இருந்தது. சித்தப்பா எழுதிக்கொடுத்துவிட்டு பிரெஞ்சுப் படைக்குச் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, போனார், அப்பா எழுதிக்கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு நாடு. எனக்கு வாய்த்தது பாட்டியின் மூக்கும் கண்ணும். சீனப் போர் முடிந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது, பள்ளியில் நான் 'சைனாக்காரன்'. ராத்திரி மூக்கில் துணி கவ்வி மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் காலையில் வலித்தது.

இதோடு நிறுத்தினால் நான் பாவம் என்று ஆகிவிடும். என் பெஞ்சில் உட்கார்ந்த கட்டுமரக்காரர் வீட்டுப் பையனை 'அட்டக்கரி' என்று கூப்பிட்டவனும் நான்தான். என்னைச் சைனாக்காரன் என்றவர்கள் அதற்குச் சிரித்தார்கள், அந்த அஞ்சு நிமிஷம் நான் அவர்கள் ஆள். இந்த ருசியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. போன மாதம் என் 'மோமோ' பையன், பக்கத்திலிருந்த சிறுமியைக் 'கருவாச்சி' என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அவன் முகத்தில் அந்த அஞ்சு நிமிஷத்தைப் பார்த்தேன்.

வளரும் பருவத்தில் இன அடையாளம் எப்படி உருவாகிறது என்பதை 1989-இல் ஜீன் ஃபின்னி என்ற உளவியலாளர் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். முதலில் யோசிக்காமல் அடுத்தவர் சொன்னதை ஏற்பது, பிறகு நான் யார் என்று தேடுவது, பிறகு தெளிவது. தேடுவதற்கு வீட்டில் ஆள் வேண்டுமே! எனக்குப் பாட்டி இருந்தார். பதினாறு வயதில் அடுப்படியில் அவரோடு உட்கார்ந்து, சாயோ என்கிற வியட்நாம் பலகாரத்தை உருட்டிக்கொண்டே சைகோன் கதையைக் கேட்ட பிறகுதான் துணி கவ்வி கொடிக்குத் திரும்பியது. இந்தப் பையனின் பாட்டி இருப்பது ரயிலில் மூன்று நாள் தூரத்தில்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். நிறவெறிக் கட்டுரை வந்த அதே ஞாயிறு, நான்கு பக்கம் தள்ளி மணமகள் தேவைப் பகுதியில் 'சிவந்த நிறம்' வந்திருந்தது. 'கறுப்பா இருந்தாலும் களை' என்று நம் வீட்டுக் கிழவிகள் சொல்கிறார்கள், அவர்களைத் திருத்த என்னால் ஆகாது. விளம்பரத்தில் நிறத்தைப் போட மாட்டோம் என்று சொல்லத் தங்களால் ஆகும்.

இன்னொன்று. திண்ணையில் விரித்திருந்த தாளில் 'செல்போன் திருட்டு: வடமாநில வாலிபர் கைது' என்ற தலைப்பைப் பையன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "வடமாநிலம்னா எங்கப்பா ஊருமா சார்?" என்றான். திருடியவரின் ஊர் வழக்குக்குத் தேவையென்றால் செய்திக்குள் போடுங்கள், தலைப்பில் வேண்டாம். அன்று அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டுச் சிமெண்டுத் தரையிலேயே வரையவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
குருசுக்குப்பம், புதுச்சேரி.