பஜ்ஜி எண்ணெயும் பழைய தாரும்

அன்புள்ள சங்கர்,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்கு வரன் கூடிவந்ததில் எங்கள் வீட்டிலும் ரொம்ப சந்தோஷம். தை மாதம்தானே, குடும்பத்தோடு வந்துவிடுகிறோம். இங்கே எல்லோரும் நலம். எனக்குத்தான் தார்க் கலவை பிளான்ட் மாறியதிலிருந்து பைக்கில் போய்வந்து முதுகு சொன்னபடி கேட்பதில்லை.

“பஜ்ஜிக் கடையில் பொரித்து மிஞ்சும் எண்ணெயை ரோட்டுக்குச் சேர்க்கிறார்களாமே, என்னிடம் வாங்கிக்கொள்வாயா” என்று கேட்டிருந்தாய். கிண்டலோ என்னவோ, இப்போது என் வேலையே அதைச் சுற்றித்தான்.

2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதுசு போடவேண்டும், மட்டம் உயரக்கூடாது என்று உத்தரவு போட்டாரே, நினைவிருக்கிறதா? சாலை உயர்ந்து உயர்ந்து வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வருகிறது என்பதற்காகச் சொன்னது. சுரண்டினால் அந்தக் கலவை எங்காவது போய்ச் சேரவேண்டுமே. அதில் நல்ல ஜல்லி இருக்கிறது, எடையில் 100-க்கு 4, 5 பங்கு தாரும் இருக்கிறது. ஜப்பானில் இப்படி எடுத்ததை ஏறக்குறைய முழுவதுமே மறுபடி பயன்படுத்துகிறார்கள். நான் பார்த்தவரை நம் பக்கம் பள்ளம் நிரப்பத்தான் போகிறது.

சிக்கல் என்னவென்றால் அந்தத் தார் கிழடுதட்டிப் போயிருக்கும். வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து அதன் எண்ணெய்ப் பகுதியைக் குறைத்து, அஸ்பால்டீன் என்கிற கெட்டிப் பகுதியைக் கூட்டிவிடும். லேபில் தாரை 25 டிகிரியில் வைத்து, 100 கிராம் எடையோடு ஒரு ஊசியை 5 விநாடி இறங்கவிடுவோம். புதுத் தாரில் 5, 6 மில்லிமீட்டர் இறங்கும். பழைய சாலையிலிருந்து பிரித்தெடுத்ததில் 2 மில்லிமீட்டர் இறங்கினாலே பெரிது.

அந்த இறுகிய தாரை இளக்கத்தான் உன் கடை மாதிரிப் பொரித்த எண்ணெய். கொஞ்சம் விட்டுக் கலக்கினோம். ஊசி சர்ரென்று இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்த கான்ட்ராக்டருக்கு வாயெல்லாம் பல். இளகிவிட்டது சரி, சாலையில் நிற்குமா என்பதுதான் என் கேள்வி. வடை மாவின் ஈரம் பட்டுப் பட்டுக் காய்ந்த எண்ணெயில் கொழுப்பு அமிலம் பிரிந்து ஏறியிருக்கும். அது அதிகமானால் ஜல்லியைத் தார் பிடிக்கும் பிடி தளர்ந்துவிடும். ஐப்பசி மழையில் தண்ணீர் இடையே புகுந்தால் ஜல்லி தனித்தனியாகப் பெயரும். அளவு கூடிப்போனாலோ, மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடுகிற சித்திரை வெயிலில் லாரித் தடம் அப்படியே பள்ளமாகிவிடும். அதனால் எண்ணெயில் அமிலம் நீக்கி, தண்ணீரும் மண்டியும் போக வடிகட்டி, சுரண்டிய கலவையின் ஒவ்வொரு குவியலுக்கும் தனியாக அளவு பார்த்துச் சேர்க்கவேண்டியிருக்கிறது. உன் கடை எண்ணெய் ஒரு மாதிரி, அடுத்த தெரு சிக்கன் கடை எண்ணெய் வேறு மாதிரி. ஒரே சீராகச் சரக்கு வராததுதான் பெரிய தலைவலி.

மெக்கானிக் ஷெட்டில் வடிக்கிற இன்ஜின் ஆயிலும் தாரை இளக்கும், மலிவும்கூட. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அதில் பாரஃபின் என்கிற மெழுகு வகை மிகுதி, அஸ்பால்டீனைப் பிரியாமல் தாங்கிவைக்கும் திராணி குறைவு. கனடாவின் ஒன்டாரியோவில், பழைய இன்ஜின் ஆயிலைச் சுத்திகரித்தபின் தங்கும் கசடு கலந்த தாரால்தான் சாலைகளில் சீக்கிரம் வெடிப்பு விழுகிறது என்று குயின்ஸ் பல்கலைக்கழகத்து சைமன் ஹெஸ்ப் எழுதினார். தார் விற்பவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, பெரிய சண்டையே நடந்தது. கலப்பைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே கருவியில் துத்தநாகத்தைத் தேடுவார்கள். இன்ஜின் ஆயிலில் தேய்மானம் தடுக்கச் சேர்ப்பது அது, காட்டிக்கொடுத்துவிடும்.

எனவே இப்போதைக்கு உன் எண்ணெயை பயோடீசல்காரர்களுக்கே கொடு. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் செலவாகும் கடைகள் கணக்கு வைக்கவேண்டும் என்று 2019 மார்ச்சிலிருந்து விதி இருக்கிறது, எழுதுகிறாயா இல்லையா? அப்புறம், சோதனைக்கு மட்டும் எனக்கு இரண்டு கேன் எடுத்து வை. வடை, பஜ்ஜி சுட்டது ஒன்றில், மிக்சர் போட்டது இன்னொன்றில். எத்தனை நாள் காய்ந்தது என்று மேலே மார்க்கரில் எழுதிவிடு. கல்யாணத்துக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ராஜேந்திரன்