செவலையை விற்கவில்லை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நம் வண்டிக் குதிரை செவலையை விற்றுவிடும்படி அத்தையிடம் சொல்லி அனுப்பினாயாம். அத்தையோடு பேச உனக்கு நேரம் கிடைக்கிறது. சரி, போகட்டும்.

விற்கவில்லை. அத்தை உன்னிடம் என்ன சொன்னாளோ, அதில் பாதியைத்தான் நம்பு. மாமா வீட்டுக் கல்யாணத்தில் அவள் சொன்னதை நம்பி நாம் பட்டது போதாதா? செவலைக்கு வந்திருப்பது மூட்டுத் தேய்மானம். வயதான குதிரைக்கு வருவதுதான். அவளுக்கும் இருபது தாண்டிவிட்டது. மேல் ஓரப்பல்லில் இருக்கும் கோடு அடிவரை இறங்கி, இப்போது ஈறுப் பக்கம் மறைய ஆரம்பித்திருக்கிறது.

குளிர் தொடங்கியதும் வெளியே தெரிந்தது. காலையில் கொட்டிலை விட்டு வரும்போது பின்னங்கால்கள் விறைத்திருக்கும். மணிக்கூண்டு வரை குட்டை அடியாக வைப்பாள், சந்தையைத் தாண்டியதும் இளகிவிடும். நடக்க நடக்க இளகினால் அது பெரும்பாலும் மூட்டுதான். லாடக்காரர் பின்னங்காலை மடக்கித் தூக்கினால் முன்பு போல் கொடுப்பதில்லை, வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறாள். கழற்றிய லாடத்தில் முன்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது. காலைத் தூக்கி வைக்காமல் தரையில் உரசி நடந்திருக்கிறாள். இறக்கத்தில் தயங்குகிறாள். எழுந்திருக்கச் சிரமம் என்பதால் படுப்பதையே குறைத்துவிட்டாள்.

குதிரை வலியைக் காட்டிக்கொள்ளாது, தம்பி. தீனி தின்னும், வண்டி இழுக்கும், கூட இருப்பவன்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். தூரத்தில் இருந்தால் யார் கண்டுபிடிப்பது?

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வெளியே போகும்போது தாய்லாந்தில் உனக்குக் கொடுத்த அந்த இளஞ்சிவப்பு அடையாள அட்டையைக் கையிலேயே வைத்துக்கொள்.

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். காலைக் கொஞ்ச நேரம் மடக்கிப் பிடித்திருந்து, விட்டதும் ஓடவிட்டார். முதல் சில அடிகள் நன்றாகவே நொண்டினாள். பின்னங்கால் நடுமூட்டின் கீழ்ப்பக்கத்தில்தான் கோளாறு. தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராதாம். ஆனால் அந்தக் கீழ் இணைப்புகள் முதலிலேயே அதிகம் அசையாதவை. நாளடைவில் எலும்போடு எலும்பு ஒட்டிக்கொண்டால் வலி குறைவதும் உண்டு என்றார். அதற்காகக் கட்டிப்போட்டு வைக்கக் கூடாது, நின்றால் இன்னும் இறுகும். தினமும் நடக்க வேண்டும், மெதுவாக.

அப்படித்தான் செய்கிறேன். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் நடை மட்டும். தார் ரோட்டில் ஓட்டம் கிடையாது. இறக்கமான வழிக்குச் சவாரி ஏற்றுவதில்லை, கூடுதல் ஆள் ஏறினால் இறக்கிவிடுகிறேன். ஸ்டாண்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்டி, முன்பக்கத்தை உருட்டிய லாடம் போடுகிறோம், கால் எடுப்பது அவளுக்கு லேசாக இருக்கிறது. கொள்ளுத் தீனியைக் குறைத்துவிட்டேன். எடை ஏறினால் எல்லாம் மூட்டில்தான் இறங்கும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. தரையில் வைக்கோலைக் கனமாகப் பரப்பியிருக்கிறேன், அதற்குப் பிறகு படுக்கிறாள்.

ஃபினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்துத் தூள் மோசமான நாட்களில் மட்டும், டாக்டர் எழுதிய அளவில், தீனியோடு. விடாமல் கொடுத்தால் வயிறு புண்ணாகும், சிறுநீரகமும் கெடும். வேறு வலி மருந்தை அதோடு சேர்க்கவும் கூடாது. நமக்கு வாங்கும் மாத்திரையை உடைத்துப் போடுபவர்கள் ஸ்டாண்டில் உண்டு. அவர்கள் குதிரைகளைப் போய்ப் பார்.

விற்றால் யார் வாங்குவான் என்று யோசித்தாயா? செங்கல் வண்டிக்காரன்தான். நீ இவளோடு வளர்ந்தவன். எட்டு வயதில் கடிவாளம் மாட்டக் கற்றாய், ஸ்டாண்டில் உன்னைப் போல் கை யாருக்கும் வரவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்தக் கையால் ஒரு வரி எழுத முடியவில்லை.

நீ அனுப்பிய பணம் வந்தது. அம்மா அதில்தான் செவலைக்கு மருந்து வாங்கினாள். ‘இந்தக் கிழட்டுக் குதிரையைக் கட்டி அழ வேண்டியிருக்கிறதே’ என்று தினமும் திட்டுகிறவளும் அவள்தான். இனி அவ்வளவு அனுப்பாதே, உனக்கு வைத்துக்கொள்.

ஊருக்கு வருவதைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. 2024 பிப்ரவரியில் பர்மா ராணுவம் கட்டாய ஆள்சேர்ப்பை அறிவித்த பிறகு இங்கே பெற்றவர்கள் யாரும் பிள்ளைகளிடம் அதைக் கேட்பதில்லை. பாட்டியின் திதிக்கும் வர நினைக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன். அட்டை பத்திரம். ராத்திரியில் தனியாக வெளியே போகாதே.

அப்புறம், சாரத்திலிருந்து நீ விழுந்ததாக அத்தை சொன்னாள். நீ சொல்லவில்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. எந்தக் கால் என்று எழுது. வீக்கம் இருக்கிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா, காலையில் எழும்போது இறுக்கமா, நடந்தால் இளகுகிறதா, எல்லாம் எழுது. இதைக் கொண்டுவருபவர் இரண்டு நாள் அங்கே தங்குவார், பதிலை அவரிடமே கொடுத்தனுப்பு.

அப்பா